ஈசானிய மூலையில் ஒரு குழி

செப்டம்பர் 4, திங்கள்

இந்த டைரி ஈரோடு மஞ்சள் மண்டியில் கொடுத்தது. அங்கே மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வருடம் தவறாமல் ஒரு காலண்டரும் ஒரு டைரியும் அனுப்பி வைக்கிறார்கள். காலண்டர் ஆணிக்குப் போய்விட்டது. டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. சென்னியப்பன் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் டைரி எழுத ஆரம்பித்துவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுத விஷயம் வந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். காலையில் நகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியோடு எங்கள் தெருவுக்கு வந்தது. ஆற்றுத் தண்ணீருக்கான பெரிய குழாயைத் தெருவில் போட்டு முடித்துவிட்டார்கள். இணைப்பு வேண்டுகிறவர்கள் அவரவர் வீட்டுக்கு முன்னால் தோண்டி, குழாய் பதித்து, பொறியாளரிடம் காட்டி இணைத்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் தார் ரோடு வருகிறது. அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு இந்தத் தெருவில் யாரும் கடப்பாரை தூக்கக் கூடாதாம்.

என் மனைவி சுலோச்சனா கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். சித்திரையில் போனவள். பேரனைப் பள்ளிக்குக் கிளப்பிவிட ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பேரன் தானாகவே குளித்து, தானாகவே சாப்பிட்டு, வேனில் ஏறிப் போகிற வயசு. பையோடு வாசலில் நின்றுகொண்டு அவள் ஒரு வார்த்தை சொன்னாள். “இந்த ஊட்டுக்கு நல்ல தண்ணி வரட்டுங்க. அப்பறம் நானும் வர்றேன்.”

ஆகவே ரோடு வருவதற்குள் தண்ணீர் வந்தாக வேண்டும். மற்றபடி எனக்கு அவசரம் ஒன்றும் கிடையாது. தனியாக இருப்பது நிம்மதியாகத்தான் இருக்கிறது. டிவி ரிமோட் முழுவதும் என் கையில்.

செப்டம்பர் 5, செவ்வாய்

அரிசிம்பருப்புச் சாதம் வைத்தேன். அரிசி வெந்தது, பருப்பு வேகவில்லை. எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு பொழுது விடிந்தால்கூட வேகாது. அவ்வளவு உப்பு.

குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர் வாங்கி, வீட்டு முன்பக்கம் வடகிழக்கு மூலையில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நிரப்பி வைத்திருக்கிறேன். நல்ல தண்ணீர் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும். வாஸ்துக்காரர் வீட்டுப் பிளானில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்த இடம் அது. டிரம்மைப் பின்பக்கம் சமையலறை வாசலில் வைக்கலாமே என்று சுலோச்சனா கேட்டுக்கொண்டே இருந்தாள். அது அக்னி மூலை. அங்கே தண்ணீரை வைத்தால் நெருப்புக்கும் தண்ணீருக்கும் ஆகாது, வீட்டில் சண்டை வரும். பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவளும் டிரம்மிலிருந்து குடத்தில் மொண்டு, வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகப் பின்பக்கம் சுமந்துகொண்டு போனாள். சித்திரையில் ஒருநாள் அந்தச் சந்தில் வழுக்கி விழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அப்போது முன்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் குடம் நசுங்கிவிட்டதா என்று கேட்டேன். அவள் பிறந்த வீட்டுப் பித்தளைக் குடம், அந்த அக்கறையில் கேட்டது. இதற்கு என்னென்னவோ அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 6, புதன்

கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரி பேபி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே மகன் கனடாவில். சுலோச்சனாவுக்கு உயிர்த்தோழி. அவள் காலையில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, வேகாத பருப்பை எப்படி வேகவைப்பது என்று விளக்கினாள். என் பருப்பு வேகாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். குப்பைக் கூடையைப் பார்த்தாளாம். பிறகு, நான் கேட்காமலேயே, சுலோச்சனாவுக்கு முதுகுவலி தேவலையாகிவிட்டது, நேற்று மருதமலைப் படியேறி வந்தாள் என்றாள்.

படியேற முடிகிறவளுக்கு பஸ் ஏற முடியாதா என்று நினைத்தேன். நானாக அவளுக்கு போன் செய்வதும் இல்லை. போனவள்தானே முதலில் கூப்பிட வேண்டும்.

செப்டம்பர் 7, வியாழன்

பிளம்பர் மாதேசு வந்தான். ஈசானிய மூலையில் சுவருக்கு வெளியே கோடு கிழித்துக் கொடுத்தேன். அங்கிருந்து நேராகத் தெருக் குழாய்க்கு.

எங்கள் தெருவில் மேலே இருக்கும் கூட்டத்தைவிட அடியில் கூட்டம் ஜாஸ்தி. ஒரு சாண் போனதும் ஒரு டெலிபோன் ஒயர் வந்தது. உயிரோடு இருக்கிறதா செத்துப்போனதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதை ஒதுக்கினால் இன்டர்நெட் ஒயர். இன்னும் கொஞ்சம் போனால் செங்கல் வரிசை. நான் ஏதோ பழைய காலத்துச் சுவர் என்று நினைத்து, தொல்லியல் துறைக்கு போன் செய்து யாரையாவது வரச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாதேசு கடப்பாரையைப் போட்டுவிட்டு குழியிலிருந்து ஒரே தாவாகத் தாவி வெளியே வந்தான். செங்கல்லுக்கு அடியில் ஈபி கேபிள் போகிறதாம். செங்கல் வரிசை வந்தால் நில், அதற்குக் கீழே கரண்ட் என்று அர்த்தம். “முருகா” என்று கும்பிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்கினான்.

கேபிளுக்குக் கீழே போக பயந்துகொண்டு, அதற்கு மேலாகவே ஒன்றரை அடி ஆழத்தில் குழாயைப் போட்டுவிட்டான். ஒன்றரை அடி தாராளம், அவன் ஊரெல்லாம் அப்படித்தான் போடுகிறானாம். எனக்கும் பார்க்கச் சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 8, வெள்ளி

சரியில்லை.

பொறியாளர் கிருத்திகா வந்தார். என் மகளைவிடச் சின்னப் பெண். கையிலிருந்த குடையைக் குழிக்குள் நிறுத்தினார். குடை பாதிக்கு மேல் வெளியே நின்றது. குழாய்க்கு மேல் மூன்றடி மண் வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டில் போகும் முதல் ஜல்லி லாரியே அதை நசுக்கிவிடும் என்றார். கேபிளுக்குக் கீழே, ஒரு அடி இடைவெளி விட்டு, அடியில் மணல் பரப்பிப் போட வேண்டுமாம். சரி, இன்னும் கொஞ்சம் தோண்டினால் போகிறது என்று நினைத்தேன்.

பிறகு அவர் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பேபி வீட்டுப் பாதாளச் சாக்கடை இணைப்பு அங்கிருந்துதான் தெருவுக்குப் போகிறது. என் குழாய்க்கும் அதற்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை. பொறியாளர் முகம் மாறியது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும், காலிக் குழாய் சும்மா இருக்காது, எங்கே சின்ன விரிசல் இருந்தாலும் வெளியில் இருப்பதை உள்ளே உறிஞ்சும் என்றார். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல. அந்தப் பக்கம் இருப்பது இளநீர் இல்லை.

பத்தடி தள்ளிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார். ஒன்று நான் நகர வேண்டும், அல்லது பேபியின் சாக்கடை நகர வேண்டும். ஈசானிய மூலை நகராது. ஆகவே பேபியிடம் பேச வேண்டும்.

செப்டம்பர் 9, சனி

பேசினேன். சண்டையாகிவிட்டது.

சாக்கடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். பேபி தன் வீட்டுப் பிளானைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். கழிவு வெளியேறுவது வடமேற்கு மூலையில், அதாவது வாயு மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அதில் சிவப்பு மையால் வட்டம். அந்த வட்டம் எனக்கு நன்றாகத் தெரிந்த வட்டம். என் பிளானை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே வாஸ்துக்காரர் போட்டது. அவளுடைய வடமேற்கு மூலையும் என்னுடைய வடகிழக்கு மூலையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம்.

இரண்டு பேரும் சேர்ந்து அவருக்கு போன் செய்தோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. அவரவர் வீட்டுக்கு அவரவர் பிளான் சரியாகவே இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்றார். பரிகாரமாக நடுவில் ஒரு செம்புத் தகடு புதைத்தால் போதுமாம்.

செப்டம்பர் 10, ஞாயிறு

தகடு புதைத்தோம். நல்ல விரலி மஞ்சளாக நானே ஒடித்துப் பார்த்துப் பொறுக்கி வைத்தேன். பேபி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். சண்டை பாதியில் இருந்ததால் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் கும்பிட்டோம்.

செப்டம்பர் 11, திங்கள்

பொறியாளரிடம் தகட்டைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். “தகடு சாமிக்குத் தெரியும் சார். கிருமிக்குத் தெரியாது” என்றார்.

செப்டம்பர் 12, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. ரசத்தில் உப்புப் போடவில்லை, இருந்தும் உப்பு.

செப்டம்பர் 14, வியாழன்

ஒரு கை தூரம் தள்ளித் தோண்டினால் பொறியாளர் மனசு இரங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மாதேசு வேண்டாம் என்றான். நான் வற்புறுத்தினேன். அவன் போட்ட முதல் போட்டிலேயே இன்டர்நெட் ஒயர் அறுந்தது.

ஒயர் அறுந்தால் சத்தம் வராது. ஆள்தான் வரும். தெருவில் இருக்கிற அத்தனை வீட்டிலிருந்தும் இன்றுதான் எல்லாரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. ஒருவருக்கு ஆபீஸ் மீட்டிங், ஒருவருக்கு சீரியல், ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு என்னவென்று சொல்லவில்லை, ஆனால் அவள்தான் அதிகமாக முறைத்தாள்.

எல்லாருக்கும் பின்னால் பேபி கையில் போனோடு வந்து நின்று, பாதி பேசிக்கொண்டிருக்கும்போது சுலோச்சனா முகம் அப்படியே நின்றுவிட்டது என்றாள். கனடாவில் இருக்கும் மகனோடு பேசுகிறாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மெதுவாக விஷயம் வெளியே வந்தது. தினமும் காலையில் பேபி மொட்டைமாடியில் நின்று வீடியோவில் என் குழியைச் சுலோச்சனாவுக்குக் காட்டுகிறாள். கடப்பாரை, செங்கல், குடை, தகடு, எலுமிச்சம்பழம் வரைக்கும் அவள் பார்த்திருக்கிறாள். நான் பனியனோடு குழி ஓரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்ததையும்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா என்று பேபியிடம் கேட்டேன். சொன்னால் நீங்கள் நடிப்பீர்கள் அண்ணா என்றாள்.

செப்டம்பர் 15, வெள்ளி

ஒயர்க்காரர்கள் வந்து ஒட்டிவிட்டுப் போனார்கள். இன்று முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குழியருகே நின்றேன். வெயிலுக்கு வெள்ளைதான் நல்லது. ஏதாவது கல்யாணத்துக்குப் போகிறீர்களா என்று மாதேசு கேட்டான். அவன் வேலையை மட்டும் பார்க்கச் சொன்னேன்.

பேபி வீட்டு மொட்டைமாடியை நான் பார்க்கவில்லை. அங்கே யாரும் இல்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

பேபி சாயங்காலம் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தன் வீட்டுச் சாக்கடையையே மாற்றிக்கொள்கிறேன், முன்பக்கத் தரையை உடைத்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோகிறேன், மேஸ்திரியிடம் பேசிவிட்டேன் என்றாள். வாஸ்து என்னாவது என்று கேட்டேன்.

“வாஸ்து பாத்துக் கட்டுன ஊட்டுல நா ஒத்தையாத்தான் இருக்கறேன். பக்கத்து ஊட்டுல பேச ஒரு ஆளு இருந்தாப் போதுங்கண்ணா. அவளக் கூட்டிக்கிட்டு வாங்க.”

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஈசானிய மூலை எனக்கே. போகும்போது பேபி படியில் நின்று இன்னொன்றும் சொன்னாள். சுலோச்சனா தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறாளாம், குழாயைச் சமையலறைக்குக் கொண்டுபோகிறாரா இல்லை மறுபடியும் அந்த மூலைக்கேவா என்று.

அவள் போனபிறகு டிரம்மிலிருந்து சமையலறை வரைக்கும் அந்தச் சந்தில் நடந்து பார்த்தேன். நான் இதுவரை அங்கே ஒரு சொம்போடுதான் போய் வந்திருக்கிறேன். ஒருவனுக்கு ஒரு சொம்பு போதும். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று போக அந்தச் சந்தில் அகலம் போதாது. சுவரில் இடிக்காமல் போக வேண்டுமென்றால் ஒருக்களித்து நடக்க வேண்டும். தரையில் பாசி வேறு. யார் இப்படிக் கட்டினார்களோ தெரியவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

பொறியாளர் யோசனைப்படி குழாயை வீட்டு நடுவில், கேட்டுக்கு அடியில் கொண்டுவருகிறேன். அங்கே பேபியின் சாக்கடையிலிருந்தும் பத்தடிக்கு மேல் தள்ளி, மேற்குக் கோடியில் இருக்கும் என் சாக்கடையிலிருந்தும் தள்ளி. உள்ளே வந்தபிறகு மண்ணுக்கு மேலே, சுவரில் கிளிப் அடித்து நேராகப் பின்பக்கம் சமையலறை வாசல் வரைக்கும். வளைவுகள் குறைவு, தண்ணீர் வேகமாக வரும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பேபியிடம் தரையை உடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரிக்குத்தான் ஏமாற்றம்.

வாஸ்துக்காரருக்கும் மரியாதைக்கு ஒரு போன் செய்தேன். அவர் பதறிப்போனார். தலைவாசலுக்கு நேரே தண்ணீர் அடியில் போனால் லட்சுமி தங்கமாட்டாள், அக்னி மூலையில் தண்ணீர் விழுந்தால் வீட்டில் ஓயாத சண்டை என்றார். “சண்ட போடறதுக்கு ஊட்டுல ஆளே இல்லைங்க சாமி” என்றேன். அப்படியானால் வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டால் போதும் என்று இறங்கி வந்தார்.

செப்டம்பர் 20, புதன்

கேட்டுக்கு முன்னால் தோண்டினோம். மறுபடியும் அதே ஒயர், அதே செங்கல் வரிசை. மாதேசு கேபிளுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று கை கட்டிக்கொண்டு நின்றான். பொறியாளர் ஈபி ஆபீஸுக்கு போன் செய்து, எங்கள் தெருவுக்கு மதியம் கரண்ட்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியாயிற்று என்று சொன்னபிறகும் மாதேசு நம்பவில்லை. நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

கேபிளுக்குப் பக்கத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் ஆகாது. கொட்டாங்குச்சியால் மண்ணை அள்ளி, கையால் துழாவித் துழாவிக் கீழே போனேன். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் மறுபடி குனிய முடியவில்லை. என்னைப் பார்த்து மாதேசுக்கே வெட்கமாகிவிட்டது, அவனும் இறங்கினான். மூன்றடி தாண்டியதும் ஆற்றுமணல் பரப்பி மட்டம் பார்த்தோம். நீலக்கோடு போட்ட கறுப்புக் குழாய் அதன்மேல் நன்றாகப் படுத்துக்கொண்டது.

மொட்டைமாடியில் பேபி போனோடு நின்றாள். நான் பனியனோடு இருந்தேன். போய்ச் சட்டை போட்டுக்கொள்ள நேரமில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். சோர்வால்தான்.

காலையில் தெருமுனையில் ரோடு ரோலர் வந்து நின்றது. மழை வரப்போகிறதாம், அதனால் மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்கவில்லை, இன்றே ஜல்லி கொட்டுகிறார்கள். என் குழாயோ குழிக்குள் கிடக்கிறது, தெருக் குழாயோடு இன்னும் சேரவில்லை. மாதேசு இணைப்பு வளையம் வாங்கப் போனவன் இன்னும் வரவில்லை. ரோடு மேற்பார்வைக்காரர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, மூடிவிடலாம், ஐந்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஐந்து வருடம் அவள் அங்கேயே இருந்துவிடுவாள். இருக்கக் கூடியவள்.

நான் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டேன். என்னையும் சேர்த்து மூடுங்கள் என்று சொன்னேன் என்று பேபி சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. பேபி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ரோலருக்கு முன்னால் நடுரோட்டில் போட்டு உட்கார்ந்தாள். மேற்பார்வைக்காரர் அவளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். பேபி போனை ஸ்பீக்கரில் போட்டு, ரோலர் ஓட்டுகிற பையனிடம் நீட்டினாள். அதிலிருந்து சுலோச்சனாவின் குரல் வந்தது. சித்திரைக்குப் பிறகு நான் கேட்கிற அவள் குரல்.

“ஏங்கண்ணு, அங்க குழிக்குள்ள நிக்கறாரே, அது எங்கூட்டுக்காரரு. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அவரு குனிஞ்சு ஒரு வேல பாத்து நா பாத்ததில்ல. இதுதான் மொதத் தடவ. அது முடியட்டும் சாமி. சித்த நேரம் உன் வண்டிய நிறுத்திக்க.”

ரோலர் பையன் சிரித்துவிட்டு வண்டியை அணைத்தான். மேற்பார்வைக்காரரும் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பேபி எல்லாருக்கும் டீ போட்டாள். மாதேசு வந்து சேர்ந்தான். பொறியாளரும் வந்து குடையைக் குழிக்குள் நிறுத்தினார். கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது. கேபிளுக்கும் குழாய்க்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். இணைத்து, மணல் போட்டு, அதன்மேல் எச்சரிக்கைக்கான நீல நாடா விரித்து, மண் மூடி மிதித்தோம். ரோலர் பையன் அந்த இடத்தில் மட்டும் மெதுவாக ஓட்டினான்.

சுலோச்சனா என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊருக்கே என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 22, வெள்ளி

தண்ணீர் வந்தது. முதலில் காற்று வந்தது, பிறகு சேறு, பிறகு கொஞ்சம் துரு, அப்புறம் தெளிந்து ஓடியது. கையில் பிடித்துக் குடித்தேன். ஒரு ருசியும் இல்லை. தண்ணீர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதே மறந்து போயிருந்தது. பருப்பை வேகப் போட்டேன், விசில் அடங்கித் திறந்தால் மாவாகக் குழைந்திருந்தது.

போனை எடுத்து நானே கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். நீ இல்லாமல் எனக்கு வீடு பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிடு என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனால் குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது, கேபிளுக்கு எத்தனை கீழே, மணல் எந்த ஆற்று மணல் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் கடைசிவரைக்கும் கேட்டாள்.

“தண்ணி எங்க உழுகுது?” என்றாள்.

“அடுப்படி வாசல்ல.”

அந்தப் பக்கம் பேரன் ஏதோ கேட்பதும், அவள் அவனைச் சும்மா இருக்கச் சொல்வதும் கேட்டது. பிறகு, நாளன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் கூட்டம் கம்மியாக இருக்கும் என்றாள்.

செப்டம்பர் 23, சனி

வீடு கூட்டினேன். சந்தில் பாசியைச் சுரண்டினேன். டிரம்மைக் கவிழ்த்துப் போட்டேன். ரிமோட்டைத் துடைத்து அவள் வைக்கிற இடத்தில் வைத்தேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம் என்றாள், போனேன். பையைக் கொடுக்க மாட்டேன் என்றாள், வாங்கிக்கொண்டேன். இளைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது, நான் இளைத்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். புது ரோட்டின் மேல் செருப்பு ஒட்ட ஒட்ட நடந்து வந்தோம். பேபி வாசலிலேயே நின்றிருந்தாள். இரண்டு பேரும் தினமும் முகம் பார்த்துப் பேசியவர்கள்தான், இருந்தும் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றார்கள். நான் பையோடு ஓரமாக நின்றேன்.

உள்ளே வந்தவள் சாமி அறைக்குப் போகவில்லை. நேராகப் பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பித்தளைக் குடத்தை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைக்கப் போனாள்.

குடம் நுழையவில்லை. குழாய் அவ்வளவு தாழ்வு.

மண்ணுக்குள் எவ்வளவு, சாக்கடைக்கு எவ்வளவு, கேபிளுக்கு எவ்வளவு என்று எல்லாம் பார்த்தேன். மண்ணுக்கு மேலே எவ்வளவு என்று பார்க்கவில்லை. பொறியாளரும் கேட்கவில்லை. என் சொம்பு வசதியாக நுழைந்தது, நான் அதோடு சரி என்று விட்டுவிட்டேன். சுலோச்சனா குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாள் தோண்டியவருக்கு ஒரு குடத்தை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையா என்று ஆரம்பித்தாள். மாதேசுவைச் சொன்னேன். அவன் தலையில் போடாதீர்கள் என்றாள். வீட்டுக்குள் கால் வைத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேபி சிரிக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு சமையலறைப் படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

அந்தக் கை முதுகுக்குப் போனதை நான் பார்த்தேன். இன்னும் வலிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள்.

குடத்தை அவள் கையிலிருந்து வாங்கினேன். குழாயடியில் உட்கார்ந்து சொம்பு சொம்பாகப் பிடித்து அதில் ஊற்றினேன். நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. தோளில் வைத்தேன், சட்டையெல்லாம் நனைந்தது. எப்படியோ உள்ளே கொண்டுபோய் மேடையில் இறக்கினேன். மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தால் சுலோச்சனா படியிலிருந்து எழுந்திருக்கவேயில்லை.

“இன்னொரு கொடம் வேணுமுங்க” என்றாள்.